நிஜம் மாதிரி இருந்தால் போதுமா? வீடியோ கேமும் வீட்டு பட்ஜெட்டும்

"அப்பா, இந்த லேப்டாப்ல கேம் எல்லாம் லேக் ஆகுது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வேணும்." முழுப் பரீட்சை லீவு விட்டதும் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் கேட்கும் கோரிக்கை இது. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு விலையைக் கேட்டதும் தலை சுற்றும். உயர் ரக கார்டு ஒன்றின் விலை மட்டுமே ஒரு மொபட்டின் விலையைத் தாண்டிவிடுகிறது.

வாங்கித் தரலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு கேமுக்கு எது முக்கியம்? நிஜம் போலவே தெரியும் காட்சியா, ஓவியரின் கைவண்ணமா?

நிஜத்துக்கு ஆகும் செலவு

திரையில் ஓடும் கேம், நொடிக்கு 30 அல்லது 60 படங்களாக அப்போதைக்கப்போது வரையப்படுகிறது. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, தலைமுடி எப்படி அசைகிறது என்று எல்லாவற்றையும் கணக்குப்போடுவது கிராபிக்ஸ் கார்டுதான். நிஜத்தை நெருங்க நெருங்கக் கணக்கு கூடும், விலையும் ஏறும். 2018-ல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமை கம்ப்யூட்டரில் ஏற்ற 150 ஜி.பி. இடம் வேண்டும். பனியில் பதியும் குளம்படி வரை அதில் தத்ரூபம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளப்பதில் தப்பே இல்லை.

சில கேம்களுக்கு இந்தத் தத்ரூபம் அவசியமும்கூட. வண்டிகளும் உதிரிபாகங்களும் தயாராகும் ஊர் ஓசூர். வரைபடத்தில் அளவு கொஞ்சம் பிசகினாலும் பாகம் பொருந்தாது என்பது இங்கே பலருக்கும் தெரியும். கார் ரேஸ், விமானம் ஓட்டும் கேம்களும் அப்படித்தான். மழையில் நனைந்த ரோடு பளபளப்பது அங்கே அழகுக்காக மட்டும் இல்லை. எந்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை ஆடுபவருக்குச் சொல்வதே அந்தப் பளபளப்புதான்.

ஆனால், கதையும் மனிதர்களும் வரும்போது கணக்கு மாறுகிறது. 2014-ல் வந்த 'கோச்சடையான்' நினைவிருக்கிறதா? நடிகர்களின் அசைவை அப்படியே பதிவுசெய்து உருவாக்கிய படம். பெரிய முயற்சிதான். ஆனாலும், முகங்களில் உயிர் இல்லையே என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒரு பொம்மை மனித உருவத்தை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கிறது. கிட்டத்தட்ட மனிதராகவே மாறி, ஏதோ ஒன்று மட்டும் குறையும்போது சட்டென்று மனம் விலகிவிடுகிறது. கார்ட்டூன் முகத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

கோடு பேசும்

பர்கூர் அருகே மல்லப்பாடி பாறை ஓவியங்களில் குதிரை மேல் அமர்ந்து சண்டையிடும் வீரர்கள் இருக்கிறார்கள். வெள்ளை நிறத்தில் சில கோடுகள்தான். நிழலும் இல்லை, தசை மடிப்பும் இல்லை. ஆனாலும் அது குதிரை, அது சண்டை என்று பார்த்ததுமே புரிகிறது.

வீடியோ கேமிலும் இதுதான் நடக்கிறது. 2002-ல் ஜப்பானில் வெளியான 'செல்டா: விண்ட் வேக்கர்' கேமின் படங்களை முதலில் பார்த்த ரசிகர்கள் பலர், "என்ன இது, சின்னப் பிள்ளைங்க கார்ட்டூன் மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தார்கள். அந்தக் காலத்தில் தத்ரூபம் என்று கொண்டாடப்பட்ட பல கேம்கள் இன்று பழசாகத் தெரிகின்றன. விண்ட் வேக்கர் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக இருக்கும் 'மைன்கிராஃப்ட்' 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. கனடாவின் டொரான்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட கேம் இது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். சிதைந்துபோன சமையல் குறிப்பில் விட்டுப்போனதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுகூட அதில் ஒரு புதிர்! எல்லாமே ஓவியப் பாணிதான். ஆனால், தமிழிலிருந்து மெல்ல விலகிப்போகும் மகனைப் பார்க்கும் அம்மாவின் தவிப்பு நம்மைத் தொடுகிறது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தது.

ஆகவே, பெற்றோர்களே... பிள்ளை கேட்டதும் மறுக்கவும் வேண்டாம், உடனே கடன் வாங்கவும் வேண்டாம். எந்த கேமுக்காகக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். கேம் விற்கும் பக்கத்திலேயே குறைந்தபட்சம் என்ன கம்ப்யூட்டர் தேவை என்று போட்டிருப்பார்கள். அதை வீட்டில் இருக்கும் லேப்டாப்போடு ஒப்பிடுங்கள். ரேஸ் கேமில் தீவிர ஆர்வம் இருந்தாலோ, 3டி டிசைன் படிக்கப்போகிறான் என்றாலோ கார்டுக்குச் செய்யும் செலவில் அர்த்தம் உண்டு. மற்றபடி, பழைய லேப்டாப்பிலேயே ஓடக்கூடிய நல்ல கேம்கள் நிறைய இருக்கின்றன.

இந்த லீவில் 'வெண்பா'விலிருந்தே தொடங்கலாம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லிப் புதிர் வரும்போது மட்டும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.