மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது?

மாணவர்களே, சுங்கை சிப்புட் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் மண்ணின் ஈரத்தை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உணரியின் அளவை அர்டுயினோ பலகை யுஎஸ்பி கம்பி வழியே கைக்கணினிக்கு அனுப்புகிறது. நண்பகலுக்குள் கைக்கணினியின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகலாம் என்றால், இருப்பதோ ஒரே துளை!

யுஎஸ்பி இணைப்பில் ஒரு கருவி தலைமை ஏற்கும். மற்றது அதற்குப் பதில் சொல்லும். வழக்கமாக, தலைமைக் கருவிதான் 5 வோல்ட் மின்சாரத்தையும் தரும். மைக்ரோ யுஎஸ்பி செருகியின் 5 முனைகளில் ஒன்று ‘ஐடி’ முனை. ‘ஓடிஜி’ கம்பியில் அது தரை முனையோடு இணைந்திருக்கும். அதைக் கண்டறிந்ததும் கைக்கணினி தலைமை ஏற்று மின்சாரம் கொடுக்கும், வாங்காது.

இதற்கு யுஎஸ்பி விதிகளிலேயே வழி உண்டு. அந்த இரு முனைகளுக்கும் இடையே 124 கிலோ ஓம் மின்தடை இருந்தால், ‘தலைமை ஏற்றுக்கொள், மின்சாரமும் பெற்றுக்கொள்’ என்று பொருள். ஆனால், எல்லாக் கைக்கணினிகளுக்கும் இந்தக் குறிப்பு புரியாது.

2014-இல் அறிமுகமான டைப்-சி இணைப்பு இதை எளிதாக்கியது. ‘பவர் டெலிவரி’ வசதி இருந்தால், மின்சாரம் தருவது யார், தலைமை ஏற்பது யார் என்பதைக் கருவிகள் தனித்தனியே பேசி முடிவு செய்யும். ஆகவே, அந்த வசதியுள்ள கைக்கணினியையும் சார்ஜர் துளையுள்ள இணைப்புப் பெட்டியையும் தேர்ந்தெடுங்கள்.

கம்பிகளை வெட்டி நீங்களாகவே ஒட்டாதீர்கள். இரண்டு மின்மூலங்கள் மோதினால் கருவி கெட்டுவிடலாம்!