ஒரே ‘பவர்’ கிராண்ட்... துவாக்குடிக்கு 60 லட்சம், பாரதிதாசனுக்கு 30 லட்சமா?

ஸ்ரீரங்கத்துல ஒரே தெருவில் குடியிருக்கும் ரெண்டு பெண் விஞ்ஞானிகளைக் கற்பனை பண்ணிக்கோங்க. காலையில ஒருத்தர் துவாக்குடி என்.ஐ.டி-க்குக் கிளம்புறார். இன்னொருத்தர் புதுக்கோட்டை ரோட்டுல இருக்கிற பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு. ரெண்டு பேரிடமும் தரமான ஆராய்ச்சித் திட்டம் இருக்கு. ஆனா, பெண்களுக்காகவே வந்த ‘பவர்’ கிராண்ட்ல முதலாமவர் மூணு வருஷத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை கேட்க முடிஞ்சது. அடுத்தவருக்கு உச்ச வரம்பே 30 லட்சமாத்தான் இருந்துச்சு.

ஏன்? விதி அப்படி இருந்துச்சு. 2020 அக்டோபர்ல மத்திய அரசின் ‘செர்ப்’ அமைப்பு இந்தத் திட்டத்தைத் தொடங்குனப்பவே ரெண்டு லெவல் வெச்சாங்க. ஐ.ஐ.டி, என்.ஐ.டி, மத்தியப் பல்கலைக்கழகங்கள், தேசிய ஆய்வகங்கள் எல்லாம் லெவல் 1. மாநிலப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், தனியார் நிறுவனங்கள் லெவல் 2.

திட்டத்தோட நோக்கத்துல தப்பு சொல்ல முடியாது. வெளியிலிருந்து நிதி வாங்கி நடக்கும் ஆராய்ச்சித் திட்டங்கள்ல பெண்களின் பங்கு 2000-01ல் 13 சதவிகிதம்தான். 2016-17ல் 24 ஆச்சு. அப்பவும் நாலுல ஒண்ணுகூட முழுசா இல்லை. அதைச் சரிபண்ண வந்த திட்டமே வாசல் போர்டைப் பார்த்துத் தொகையைப் பாதியாக்கினா எப்படி? கெமிக்கல் விக்கிற கம்பெனி ‘நீங்க லெவல் 2-ஆ மேடம்?’னு கேட்டு பில்லுல பாதியைக் குறைக்குமா என்ன! ஏற்கெனவே நல்ல லேப் இருக்கிற இடத்துக்குக் கூடுதல் பணம், இனிமேதான் மெஷின் வாங்கணும்கிற இடத்துக்குக் கம்மி. சீதாலட்சுமி ராமசாமி, ஹோலி கிராஸ்னு திருச்சியின் பேர் பெற்ற பெண்கள் கல்லூரிகள் எல்லாமே இந்த ரெண்டாவது வரிசையிலதான் வந்துச்சு.

வாசல் போர்டு மட்டுமில்ல, ஆளைப் பார்த்து எடைபோடுறதும் சிக்கல்தான். கனடாவின் மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு வந்த கிட்டத்தட்ட 24,000 விண்ணப்பங்களை அலசின ஆய்வு 2019ல் ‘லான்செட்’ இதழ்ல வெளியாச்சு. ஆராய்ச்சித் திட்டத்தை முக்கியமாப் பார்த்து மார்க் போட்டப்போ, ஆண்-பெண் வெற்றி விகித இடைவெளி 0.9 சதவிகிதப் புள்ளி. விண்ணப்பிச்ச விஞ்ஞானி எப்படிப்பட்டவர்னு பார்த்து மார்க் போட்டப்போ அதுவே 4.0 ஆச்சு.

நம்ம ஊர்லயும் விண்ணப்பத்தோட பேப்பர் லிஸ்ட் போகுது. ரெண்டு பிரசவ விடுப்பு எடுத்தவங்களோட லிஸ்ட் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். செர்ப் இப்போ, 2023 சட்டம் மூலமா வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள்ள போயிடுச்சு. புது அமைப்பு முதல்ல படிக்க வேண்டியது திட்டத்தையா, லெட்டர்ஹெட்டையா?