காலண்டரில் ஒளிந்திருக்கும் வாய்ப்பாடு!

வாய்ப்பாடு என்றாலே உங்களில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், இல்லையா? நான் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி. ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால், 'ஈரேழு பதினாலு' என்பதோடு நின்றுவிடுவாள். ஒருநாள் கோபத்தில் அவளைப் பெஞ்சு மீது ஏறி நிற்கச் சொன்னேன். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போனேன்.

அவள் அப்பா வாரச் சந்தையில் காய்கறி விற்பவர். சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. பேச்சுக் கொடுப்பதற்காக, "இந்த மாசம் சந்தை என்னைக்கெல்லாம் வருதும்மா?" என்று கேட்டேன்.

காலண்டரைப் பார்க்காமலேயே, "ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு, டீச்சர்" என்றாள்.

"அடி கண்ணு! நீ இப்போ சொன்னதுதான் ஏழாம் வாய்ப்பாடு!" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மாதம் முடிந்தாலும் நிறுத்தாமல் ஏழு ஏழாகக் கூட்டச் சொன்னேன். 35, 42, 49 என்று 70 வரை போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கு வந்தாள். அவளைப் பெஞ்சு மீது நிற்க வைத்தது என் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

இப்படி எண்ணுவதுதான் தாவி எண்ணுதல். பெருக்கல் என்பது ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுவதுதானே! நீங்களும் செய்து பாருங்கள்:

* கடிகாரத்தில் பெரிய முள் 1-ல் இருந்தால் 5 நிமிடம், 2-ல் 10, 3-ல் 15... 12-க்கு வந்தால் 60. ஐந்தாம் வாய்ப்பாடு தயார்!

* ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு, பத்தைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 9, 18, 27, 36... 90 வரை எந்த விடையிலும் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும். வராவிட்டால் எங்கோ தப்பு!

* 7 x 8 மறந்துவிட்டதா? ஐயேழு 35 தெரியும். அங்கிருந்து மூன்று தாவல்: 42, 49, 56.

தெரிந்த இடத்திலிருந்து தாவினால் தெரியாத இடத்துக்குப் போய்விடலாம். பயம் எதற்கு?

கடைசியாக ஒரு புதிர்: தவளை 4, 4 ஆகத் தாவுகிறது. முயல் 6, 6 ஆகத் தாவுகிறது. இரண்டும் 0-விலிருந்து கிளம்பினால், இரண்டுமே மிதிக்கும் முதல் எண் எது?

(விடை: 12)