கடைசியில் வருகிறவர்

இங்கிலீஷில் 'பிரிங் அப் தி ரியர்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. 'பிரிங் அப்' என்றால் வளர்ப்பது. 'ரியர்' என்பதும் வினைச்சொல்லாக நின்றால் வளர்ப்பதையே குறிக்கும். ஆகையால், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் காணப் புகும் மாணவன், 'வளர்ப்பை வளர்த்தான்' என்று எழுதிவிட்டுத் திகைத்து நிற்கக்கூடும். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

உண்மையில் இங்கே 'ரியர்' என்பது பின்புறம், அணிவகுப்பின் கடைக்கோடி. வாடகைப் பாக்கியையும் சம்பளப் பாக்கியையும் 'அரியர்ஸ்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே பிரெஞ்சு வேரில் கிளைத்தவை. பின்தங்கிவிட்ட பணம் அது. பின்னால் வரும் வரிசை இது. படை நடந்து செல்கையில் எல்லோருக்கும் பின்னால் வருவதைக் குறித்த தொடர், இன்று ஊர்வலத்தில் இறுதியாக வருபவருக்கும், பந்தயத்தில் கடைசியாக ஓடி வருபவருக்கும் வழங்குகிறது.

'தந்தை முன்னே நடந்தார், குழந்தைகள் தொடர்ந்தனர், தாய் கடைசியில் வந்தாள்.' இதில் தாய் செய்த காரியமே 'பிரிங் அப் தி ரியர்.' அவள் நடக்கமாட்டாமல் பின்தங்கினாள் என்பது பொருளன்று. அதற்கு 'லாக் பிஹைண்ட்' என்ற வேறு தொடர் இருக்கிறது. முன்னது இடத்தைச் சொல்கிறது. பின்னது இயலாமையைச் சொல்கிறது.

படையில் அந்தக் கடைசி ஸ்தானம் இழிவானதா? 1812-ஆம் வருஷம் நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது, பின்னணிப் படையின் தலைமையை மார்ஷல் நே ஏற்றார். கிராஸ்னாய் அருகே ரஷ்யர்கள் வழிமறித்து, அவரைத் தனியே துண்டித்துவிட்டனர். அவரோ இரவோடிரவாக, மெல்லிய பனிக்கட்டி மூடிய நீப்பர் நதியைக் கடந்து, ஆயிரத்துக்கும் குறைவான வீரர்களுடன் பிரதான சேனையை அடைந்தார். 'வீரருள் வீரர்' என்று நெப்போலியன் அவரைப் போற்றினான். பின்வாங்கும் சேனையில் முன்னே செல்பவரின் உயிர், பின்னே வருபவரின் கையில் அல்லவா இருக்கிறது?

இதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். படையின் பின்னணிக்குப் பழந்தமிழில் 'கூழை' என்று பெயர். உடைந்த படையினுள் புகுந்து, அந்தக் கூழையைத் தாங்கி நின்று பொருபவனின் பெருமையைத் தொல்காப்பியம் தும்பைத் திணையில் 'எருமை' என்று பெயரிட்டுக் கூறுகிறது.

ஆகவே, குடும்பத்தோடு செல்லும் தாய் கடைசியில் வருவதைக் கண்டால், அவள் மெதுவாக நடக்கிறாள் என்று எண்ண வேண்டாம். குழந்தைகளில் ஒன்றும் தவறிவிடவில்லை என்று பார்த்துக்கொண்டே வருகிறாள்.