ஒலியைப் பகுத்துக் கேட்டல்

ஆராதனை முடிந்து ஆலய வாயிலில் நின்றபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த முதிய தாயார் ஒருவர் நம்மிடம், "ஐயா, சத்தம் நன்றாகக் கேட்டது, சொல்தான் கேட்கவில்லை" என்றார். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதே பரிகாரம் என்றெண்ணிப் பல மாதங்கள் கூட்டியே வந்தோம். குறையோ ஒலியின் அளவில் அன்று. நாம் செவிகொடுத்துக் கேளாமையில் இருந்தது.

'பாதம்', 'பாடம்' ஆகிய சொற்கள் இடையிலுள்ள மெய்யொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. உயிரொலிகள் வலியவை, மெய்யொலிகளோ மெலியவை, கணத்தில் மறைபவை. உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவர்களும் உள்ள ஆலயத்தில் ஓர் அசையின் எதிர்முழக்கம் அடங்குமுன் அடுத்த அசை பிறந்து, மெய்யொலி அமிழ்ந்துபோகிறது. சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் உடன் கூடும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத விரிவுரைக் கூடமொன்றை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபின், அங்கு ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேலாவதைக் கண்டார். இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பியபோது அந்நேரம் குறைந்தது. சபை நிறைந்த நாளில் நம் ஆலயத்தில் சொல் தெளிவதும் இக்காரணத்தாலேயே. மக்களின் உடலும் உடையும் ஒலியை உட்கொள்ளுகின்றன.

இவற்றை உணரும் செவி பயிற்சியினால் வருவது. ஒரு கீர்த்தனையின் ஒலிப்பதிவை நான்கு முறை கேட்போமாக. முதன்முறை சொற்களை மட்டும். அடுத்து மிகத் தாழ்ந்த குரலை மட்டும். பின்னர் ஓர் இசைக்கருவியை மட்டும். இறுதியாக ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒலி எவ்வாறு அடங்குகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். இரு ஒலிபெருக்கிகளை ஒப்பிடுங்கால் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைப்பது இன்றியமையாதது. ஏனெனில் சற்று உரத்து ஒலிப்பதையே செவி சிறந்ததென மயங்கும். எது எதுவென அறியாமல் கேட்பது இன்னும் நன்று.

இதன்பின், ஒருவரைத் திருமறை வாசிக்கச் செய்து, அத்தாயாரின் இருக்கையில் நாமே அமர்ந்து கேட்டோம். ஒலிபெருக்கியைச் சுவரை விடுத்து மக்களை நோக்கித் திருப்பினோம், சத்தத்தைக் குறைத்தோம், வாக்கியந்தோறும் சற்று நிறுத்தி வாசிக்கலானோம். சொல் தெளிந்தது.

பிரசங்கிக்கக் கற்பதற்குப் பல ஆண்டுகளைச் செலவிடுகிறோம். கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்கலாகாதா?