ரூபின்ஸ்டீனின் இரண்டு மந்திரிகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் சதுரங்க வகுப்புக்குப் போகிறான். தொடக்க நகர்வுகளை வாய்ப்பாடு போல ஒப்பிப்பான். ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, "நீ வெள்ளை. இ5-க்கு வந்த குதிரையைச் சிப்பாயால் வெட்டுவியா?" என்றேன். "இதுல என்ன அங்கிள் யோசனை? ஓசிக் குதிரை!"

வெட்டினால் கதை முடிந்தது. கறுப்பு ராணி டி4-இல் செக். வெள்ளை ராஜா மூலைக்கு ஒதுங்கினால், ராணியே ஜி1-இல் பாய்ந்து பலியாகிறது. யானை அதை வெட்டியாக வேண்டும். உடனே இன்னொரு குதிரை எஃப்2-இல் மேட். சொந்தக் காய்களே ராஜாவை அடைத்துவிடுகின்றன.

அந்த ஆட்டம் நடந்தது 2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில். வெள்ளை லெவோன் அரோனியன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். அரோனியன் இந்தப் பொறியில் விழவில்லை, ஆனாலும் தப்பவில்லை. 15-ஆவது நகர்வில் மந்திரியை சி5-இல் வெட்டக் கொடுத்த ஆனந்த், அடுத்ததாக அந்தக் குதிரையையும் நீட்டினார். எனக்கு அதைவிடப் பிடித்தது 19-ஆவது நகர்வு. தன் யானையைத் தின்றுவிட்டு எஃப்8-இல் நிற்கும் எதிரிக் குதிரையைத் தொடாமல், நிதானமாக ஒரு சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளுகிறார். 23-ஆவது நகர்வில் மந்திரி இ3-க்கு வந்ததும் அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

தொடக்கத்தின் பெயர் மெரான். 1924-இல் மெரான் நகரில் நடந்த போட்டியில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக அக்கால வீரர் ரூபின்ஸ்டீன் அதை ஆடியதால் நிலைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், ஆனந்தின் முடிவும் ரூபின்ஸ்டீன் வீட்டுச் சொத்துதான். 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ராணியையே கொடுத்து வென்றபோதும், ஆனந்தின் ஆட்டத்தைப் போலவே, பி7, பி6 கட்டங்களிலிருந்து இரண்டு மந்திரிகள் வெள்ளை ராஜாவைக் குறிவைத்திருந்தன.

இதெல்லாம் மேடையில் உதித்த மின்னல் அல்ல. 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காகச் செய்த தயாரிப்பு. அங்கே செலவாகாமல் எட்டு மாதம் காத்திருந்து அரோனியன் தலையில் விடிந்தது. அதனால் மதிப்புக் குறைவு என்று நான் நினைக்கவில்லை; பலகையில் உட்கார்ந்து அதை நினைவிலிருந்து எடுப்பதும் ஆட்டம்தான்.

மெரானைச் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் லோட்ஸ் ஆட்டத்தை முதலில் பலகையில் வைக்கலாம். 22-ஆவது நகர்வில் நிறுத்தி, கணினியை அணைத்துவிட்டு, பி7 மந்திரி எங்கே பார்க்கிறது என்று மட்டும் கேளுங்கள். நகர்வு வரிசை பிறகு வரட்டும்.