மூன்றாவது மெமோ வரும்வரை காத்திருக்காதீர்கள்

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சட்டைப்பையிலிருந்து மூன்று மெமோக்களை எடுத்து மேசையில் வைத்தார். நாலாக மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது. மூன்றிலும் ஒரே குற்றம்: தாமத வருகை. கம்பெனி பஸ் 7.10-க்கு. இவர் ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறார். கிளம்பும் நேரத்தில் வண்டிச் செயின் தளர்ந்திருப்பது கண்ணில் படும். சரிசெய்ய உட்காருவார். நிமிர்ந்தால் பஸ் போயிருக்கும். "சோம்பேறின்றாங்க சார். நான் அஞ்சரைக்கே எழுந்துக்கறேன் சார்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

அவருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவுக் கோளாறு. இப்படிப்பட்டவர்கள் வேலை போகும் கட்டத்தில்தான் எங்களிடம் வருகிறார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

"சினிமா மட்டும் மூணு மணி நேரம் பார்க்கிறானே!"

அம்மாக்கள் தவறாமல் கேட்பது இது. கவனமே இல்லாத நோயல்ல இது. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத நோய். பிடித்ததில் மூழ்கினால் எழுப்பவே முடியாது. பிடிக்காத ஸ்டாக் ரிஜிஸ்டரில் பத்து நிமிடம் நிற்காது.

"செல்போன் வந்தபிறகு வந்த வியாதி" என்பார்கள். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798-லேயே கவனம் நிலைக்காதவர்களைப் பற்றி எழுதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகளே ஆற்றினார். அப்போது ஏது செல்போன்?

"வளர்ந்தால் போய்விடும்" என்பதும் பாதி உண்மைதான். ஓடியாடும் துறுதுறுப்பு அடங்கும். மறதியும் நேரம் தவறுவதும் பலருக்கு அப்படியே தங்கிவிடும். பெண்கள் பலரிடம் அந்தத் துறுதுறுப்புகூட வெளியே தெரியாது. கனவு காண்கிறாள், பொறுப்பில்லாதவள் என்ற பெயரோடு வாழ்ந்துவிடுகிறார்கள். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சரியாகாது. திட்டுவதற்கு இன்னொரு ஆள் சேரும், அவ்வளவுதான்.

கடன் வாங்கிய மாத்திரை

வல்லாரைப் பொடி, மந்திரித்த கயிறு, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் காபி. இவற்றில் காலம் போனது போகட்டும். அக்கா பையனுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானும் விழுங்கிப் பார்க்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் என்ன, சத்து மாத்திரையா? ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்; இதயக் கோளாறு இருப்பவருக்கு ஆபத்து. சிலருக்கு உள்ளே ஒளிந்திருக்கும் வேறு மனநோயைக் கிளப்பிவிடும். சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் வாழ்க்கையே மாறும். அந்த அளவை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

சோதனை

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது; விசாரித்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அறிகுறிகளுக்கு வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள தைராய்டு மட்டும் பார்ப்போம்.

நேரம் கண்ணுக்குத் தெரியவேண்டும்

மாத்திரை மட்டும் போதாது. இவர்களுக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, அப்புறம். எனவே நேரத்தைக் கண்ணெதிரே வைக்கவேண்டும். குளியலறை வாசலில் முள் ஓடும் கடிகாரம் மாட்டுங்கள். அதைப் பத்து நிமிடம் முன்னே திருப்பி வைப்பது வீண். திருப்பியது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். பஸ் நேரத்தை அல்ல, வீட்டுப்படி இறங்கும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். அந்த இளைஞருக்கு அது 6.50. சாவி, அடையாள அட்டை, சாப்பாட்டுப் பை மூன்றும் ஒரே ஆணியில். செயின் தளர்ந்திருந்தால் வாசலில் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டு நடக்கவேண்டும், தொடக்கூடாது.

அலுவலகத்திலும் ஒரே நோட்டு. மேலாளர் வாயால் சொன்னதை அங்கேயே எழுதி அவரிடம் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். பெரிய வேலையை அரைமணித் துண்டுகளாக வெட்டுங்கள். தள்ளிப்போட்ட கணக்கை, வேலை செய்துகொண்டிருக்கும் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள். கை தானாக ஓடும்.

கைகூப்பிக் கேட்கிறேன்

இந்தக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வராமல் தடுக்க வழியில்லை. வேலை போவதை, மனம் உடைவதை, குடியில் விழுவதைத் தடுக்கலாம். சூப்பர்வைசர்களே, மெமோ அடிக்கும் முன் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுங்கள். அம்மாக்களே, சோம்பேறி என்ற சொல்லை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

கணியம்பாடியில் வேலூர் பஸ் ஏறினால் வழியிலேயே பாகாயம், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவு அங்கேதான். வரத் தயங்கினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை. வரும்போது பழைய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் தூசி தட்டி எடுத்துவாருங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று பார்க்கவேண்டும். "புத்திசாலி, ஆனால் கவனமில்லை" என்று டீச்சர் அதில் எழுதியிருக்கக்கூடும்.